புரோஸ்டேட் புற்றுநோய்க்கு ஈஸ்ட்ரோஜன் பேட்ச்: தோட்டக் குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

சப்ரகமுவத் தோட்டங்களில் அறுபது தாண்டிய ஆண்கள் இரவில் நாலைந்து தடவை எழுந்து வெளியே போவதை யாரும் வியாதியாக எடுத்துக்கொள்வதில்லை. இறக்குவானைப் பக்கத்து மழையில் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு லயத்துக் கோடிக்குப் போய்வருவதை "வயசாச்சுல்ல" என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். இடுப்பு வலித்தாலும் அதே கதைதான். எத்தனை வருஷம் கவ்வாத்து வெட்டிய இடுப்பு, வலிக்காமல் இருக்குமா? தைலம் தேய்த்துப் படுத்துவிடுவார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது சிலருக்கு நோய் எலும்பு வரை போயிருக்கும். அப்போது வைத்தியர் சொல்லும் முதல் வார்த்தைகளில் ஒன்று, "ஹோர்மோன் சிகிச்சை தொடங்க வேண்டும்."

அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு வீடு திரும்பிய குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். இலங்கை அரச வைத்தியசாலைகளில் ஹோர்மோன் சிகிச்சை என்றால் பெரும்பாலும் விரை அகற்றும் சத்திரசிகிச்சை அல்லது ஊசி. தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பேட்ச் இங்கே வழக்கமான சிகிச்சை அல்ல. ஆனால் பிரித்தானியாவில் பல ஆண்டுகள் நடந்த பெரிய ஆய்வு, அது ஊசிக்குச் சமமாக வேலை செய்கிறது என்று காட்டியிருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் சொல்லியோ கைபேசியில் பார்த்தோ இதைப் பற்றிக் கேட்பவர்கள் கூடிவருகிறார்கள். பாதி தெரிந்துகொண்டு செய்தால் ஆபத்தான மருந்து இது. ஆகவே முழுவதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

படி 1: எதை நிறுத்தப் பார்க்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்

புரோஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கும் சிறிய சுரப்பி. வயதானால் அது பருப்பது சாதாரணம். பருத்ததெல்லாம் புற்றுநோய் அல்ல. விரலால் தொட்டுப் பார்ப்பது, பிஎஸ்ஏ என்ற இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கடைசியாக ஊசி மூலம் சதைத்துண்டு எடுத்துப் பார்க்கும் பயொப்சி என்று வரிசையாகச் செய்துதான் புற்றுநோயை உறுதி செய்வார்கள்.

இந்தப் புற்றுநோய்க்குத் தீனி டெஸ்டஸ்டிரோன் என்ற ஆண் ஹோர்மோன். அதில் மிகப் பெரும் பங்கு விரைகளில் உண்டாகிறது. விரைகளுக்கு உத்தரவு மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது. ஆகவே விரைகளை எடுத்துவிடலாம், அல்லது பிட்யூட்டரியின் உத்தரவை நிறுத்தலாம். எந்த வழியில் போனாலும் இரத்தத்தில் டெஸ்டஸ்டிரோன் லீற்றருக்கு 1.7 நனோமோலுக்குக் கீழே இறங்க வேண்டும். சில ஆய்வுகூடங்கள் இதையே டெசிலீற்றருக்கு 50 நனோகிராம் என்று எழுதும். இரண்டும் ஒன்றுதான். இந்த எண்ணை மறக்காதீர்கள், பின்னால் திரும்பத் திரும்ப வரும்.

டெஸ்டஸ்டிரோனைக் குறைத்தால் புரோஸ்டேட் புற்றுநோய் அடங்கும் என்பதை 1941இல் காட்டியவர் சிகாகோவைச் சேர்ந்த சார்ள்ஸ் ஹகின்ஸ். அதற்காக 1966இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பயன்படுத்திய இரண்டு வழிகளில் ஒன்று விரை அகற்றல், மற்றது ஈஸ்ட்ரோஜன். பெண் ஹோர்மோனை ஆணுக்குக் கொடுக்கும்போது பிட்யூட்டரி "ஹோர்மோன் போதுமான அளவு இருக்கிறது" என்று எண்ணி விரைகளுக்கு உத்தரவு கொடுப்பதை நிறுத்திவிடுகிறது. ஆக, இன்றைக்குப் புதிதாகப் பேசப்படும் இந்தச் சிகிச்சைக்கு எண்பது வருஷத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

படி 2: மாத்திரைக்கும் பேட்சுக்கும் உள்ள வித்தியாசம்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் வாசியுங்கள். ஆபத்து எங்கே இருக்கிறது என்பது இதில்தான் இருக்கிறது.

1938இல் இங்கிலாந்தில் சார்ள்ஸ் டொட்ஸ் என்பவர் செயற்கை ஈஸ்ட்ரோஜன் ஒன்றைச் செய்தார். ஸ்டில்பெஸ்ட்ரோல் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பல ஆண்டுகள் புரோஸ்டேட் நோயாளிகளுக்கு அந்த மாத்திரைதான் கொடுக்கப்பட்டது. புற்றுநோய் அடங்கியது. ஆனால் 1960களில் அமெரிக்காவின் முன்னாள் இராணுவத்தினர் மத்தியில் நடந்த ஆய்வில், நாளுக்கு 5 மில்லிகிராம் எடுத்தவர்கள் மாரடைப்பு, பாரிசவாதம், இரத்தக்கட்டு போன்றவற்றால் கூடுதலாக இறந்தது தெரிந்தது. அதன்பின் மருத்துவ உலகம் ஈஸ்ட்ரோஜனை மெதுவாக ஒதுக்கிவைத்தது. 1980களில் ஊசி மருந்துகள் வந்ததும் மாத்திரை ஏறக்குறைய மறக்கப்பட்டது.

மாத்திரை ஏன் இரத்தத்தைக் கட்டியாக்கியது? வாயால் விழுங்கியது குடலில் உறிஞ்சப்பட்டு முதலில் ஈரலுக்குப் போகிறது. இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைச் செய்வது ஈரல்தான். பெரிய அளவு ஈஸ்ட்ரோஜன் நேரடியாக அங்கே போய் விழுந்தால் அந்தப் புரதங்கள் கூடுகின்றன. தோல் வழியாகப் போகும் மருந்து அப்படியல்ல. தோலிலிருந்து நேரே இரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் பரவுகிறது, ஈரலுக்கு அளவோடுதான் போய்ச் சேர்கிறது. பேட்சில் இருக்கும் மருந்தும் ஸ்டில்பெஸ்ட்ரோல் அல்ல. மனித உடம்பில் இயற்கையாக இருக்கும் ஈஸ்ட்ரடையோல்.

இந்த யோசனையை வைத்துத்தான் 2006இல் பிரித்தானியாவில் "பேட்ச்" என்ற பெயரிலேயே ஓர் ஆய்வு தொடங்கியது. அதன் இருதயம் பற்றிய முடிவு 2021இல் லான்செட் இதழில் வந்தது. 1,694 ஆண்களைச் சீட்டுப் போட்டுப் பிரிப்பது போல இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஊசியும் மறு பகுதிக்கு பேட்சும் கொடுத்துப் பார்த்ததில், மாரடைப்பு, பாரிசவாதம், இரத்தக்கட்டு ஆகியவற்றில் இரண்டு பகுதிக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மூன்றாவது மாதத்தில் இரண்டு பக்கத்திலும் 93 வீதமானோரின் டெஸ்டஸ்டிரோன் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கியிருந்தது.

புற்றுநோய் அடங்கியதா என்ற கேள்விக்கு 2024 செப்டம்பரில் பார்சிலோனாவில் நடந்த ஐரோப்பியப் புற்றுநோய் மாநாட்டில் பதில் சொன்னார்கள். புற்று சுரப்பியைத் தாண்டியும் எலும்புக்குப் போகாத நிலையில் இருந்த 1,360 பேரில், மூன்று ஆண்டுகள் கழித்து வேறு இடத்துக்குப் பரவாமல் இருந்தவர்கள் பேட்ச் பக்கத்தில் 87 வீதம், ஊசிப் பக்கத்தில் 86 வீதம். சமம் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

படி 3: மூன்று வழிகளையும் உங்கள் வீட்டு நிலைமையோடு வைத்துப் பாருங்கள்

சத்திரசிகிச்சை ஒரே நாளில் முடியும் வேலை. சில மணித்தியாலங்களுக்குள் டெஸ்டஸ்டிரோன் இறங்கிவிடும். அதன்பிறகு மருந்து தட்டுப்பாடு, பஸ், கிளினிக் திகதி எதுவும் அந்த வேலையைக் கெடுக்காது. ஆனால் செய்ததைத் திருப்ப முடியாது. மனதைத் தொடும் விஷயமும்கூட. தெரணியகலையின் மேல்தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வர வேண்டிய, பரவிய நோயுள்ள ஒருவருக்கு இது நல்ல தெரிவு என்றுதான் சொல்வேன். "ஏழைக்கு வெட்டு, பணக்காரனுக்கு ஊசி" என்று இதைக் கேவலமாகப் பேசுபவர்கள் உண்டு. அது சரியல்ல. நோயை அடக்குவதில் இது எதற்கும் குறைந்ததல்ல.

ஊசி மாதம் ஒரு தடவை அல்லது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடப்படும். கோசெரெலின், லியூப்ரோலைட் என்ற பெயர்களை கிளினிக் கொப்பியில் பார்க்கலாம். முதல் ஒன்றிரண்டு வாரத்தில் டெஸ்டஸ்டிரோன் ஒரு தடவை ஏறிவிட்டுத்தான் இறங்கும். அதனால் முதல் ஊசியோடு பைகலூட்டமைட் போன்ற மாத்திரையும் கொடுப்பார்கள். அந்த மாத்திரையை "ஊசிதான் போட்டாச்சே" என்று வீட்டில் வைத்துவிடாதீர்கள். முதுகெலும்பில் புற்று இருப்பவருக்கு அந்த ஏற்றம் காலை முடக்கிவிடக்கூடும்.

ஊசியும் சத்திரசிகிச்சையும் உடம்பிலுள்ள டெஸ்டஸ்டிரோனோடு ஈஸ்ட்ரோஜனையும் வற்றவைக்கின்றன. ஆணுக்கு எலும்பைக் காப்பதும் ஈஸ்ட்ரோஜன்தான். திடீரென உடம்பெல்லாம் சூடேறி முகமும் கழுத்தும் வியர்த்துக் கொட்டும் தொல்லையும் அது வற்றுவதால்தான் வருகிறது. 2024இல் சொன்ன முடிவில், ஊசி போட்டவர்களில் 89 வீதம் பேருக்கு இந்தச் சூட்டுத் தொல்லை. பேட்ச் ஒட்டியவர்களில் 44 வீதம். எலும்பின் கதை இன்னும் தெளிவு. இரண்டு ஆண்டில் ஊசிக்காரர்களின் முதுகெலும்பு அடர்த்தி ஏறக்குறைய 3 வீதம் குறைய, பேட்ச்காரர்களுக்கு 8 வீதமளவில் கூடியிருந்தது. சீனியும் கொழுப்பும் கூட ஊசியைவிட பேட்சில் நல்ல நிலையில் இருந்தன.

பாசி பிடித்த படிக்கட்டில் ஏறி இறங்கி, சரிவில் காலூன்றி நடக்கும் மனிதருக்கு எலும்பு என்பது சின்ன விஷயம் அல்ல. எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் அந்த வீட்டின் நிலைமையே மாறிவிடும். பேட்சின் பெரிய நன்மை இதுதான் என்பது என் எண்ணம்.

பேட்சின் பெரிய குறை மார்பு வீக்கம். அதற்குத் தனியாகவே வருகிறேன்.

படி 4: யாருக்குப் பொருந்தாது என்று முதலில் பாருங்கள்

காலில் இரத்தக்கட்டு வந்தவர், நுரையீரலுக்கு இரத்தக்கட்டு போனவர், மாரடைப்போ பாரிசவாதமோ வந்தவர், ஈரல் நோய் முற்றியவர்: இவர்கள் பேட்ச் என்ற பேச்சை எடுப்பதற்கு முன்பே அதை வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் வேறு வழியைத்தான் காட்டுவார்கள். "அது பத்து வருஷத்துக்கு முந்தி" என்று நீங்களே முடிவு செய்து மறைக்காதீர்கள். தோட்ட டிஸ்பென்சரியில் பார்த்த பழைய வைத்தியத்தையும் சொல்லுங்கள். பீடி, சுருட்டுப் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். விடுவதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

இரத்தப் பரிசோதனைக்கு ஒழுங்காக வர முடியாதவருக்கும் பேட்ச் பொருந்தாது. காரணம் ஆறாவது படியில் இருக்கிறது.

படி 5: தொடங்கும் முன்

பேட்ச் பெண்களின் மாதவிடாய் நின்றபின் வரும் தொல்லைகளுக்காகச் செய்யப்பட்ட பொருள். புரோஸ்டேட் புற்றுநோய்க்கு அதைக் கொடுப்பது ஒரு வைத்தியர் தன் பொறுப்பில், ஆய்வு முடிவுகளைப் பார்த்து எடுக்கும் முடிவு. சிறுநீரகச் சத்திரசிகிச்சை நிபுணரோ புற்றுநோய் நிபுணரோ எழுதிக் கொடுக்காமல் ஒரு பேட்சைக்கூட ஒட்டக் கூடாது. இரத்தினபுரி, கேகாலை பெரிய வைத்தியசாலைகளுக்கோ மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கோ உங்களை அனுப்பியிருந்தால் அங்கேயே கேளுங்கள்.

தொடங்கும் நாளுக்கு முன் பிஎஸ்ஏ, டெஸ்டஸ்டிரோன், சீனி, கொழுப்பு, ஈரல் பரிசோதனை, இரத்த அழுத்தம் எல்லாம் கிளினிக் கொப்பியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆரம்ப எண் தெரியாவிட்டால் பின்னால் இறங்கியதா ஏறியதா என்று எதை வைத்துச் சொல்வது?

அடுத்தது கையிருப்பு. 2022 பொருளாதார நெருக்கடியில் இந்த நாட்டின் வைத்தியசாலைகளில் சாதாரண மருந்துகளுக்கே தட்டுப்பாடு வந்தது. அதே ஆண்டு பிரித்தானியாவிலும் பெண்களுக்கான ஈஸ்ட்ரோஜன் மருந்துகள் கிடைக்காமல் திண்டாடினார்கள். பேட்ச் நின்றால் சில நாட்களிலேயே டெஸ்டஸ்டிரோன் மறுபடி தலைதூக்கத் தொடங்கிவிடும். ஆகவே அரச ஒசுசலவிலோ வேறு மருந்தகத்திலோ மாதாமாதம் கிடைக்குமா, என்ன விலை, மூன்று மாதத்துக்குச் சமாளிக்க முடியுமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டபிறகுதான் தொடங்க வேண்டும். முடியாது என்றால் ஊசியோ சத்திரசிகிச்சையோதான் சரி. பாதியில் விட்ட பேட்ச், சிகிச்சையே செய்யாததற்குச் சமம். வெளிநாட்டு உறவினர் ஒரு பெட்டி அனுப்பினார் என்பதற்காகத் தொடங்குவது பெரிய தவறு. அந்தப் பெட்டி முடிந்ததும் என்ன செய்வீர்கள்?

படி 6: ஒட்டும் முறையும் நான்காவது வாரமும்

பிரித்தானிய ஆய்வில் கொடுத்த அளவு இது. நாளுக்கு 100 மைக்ரோகிராம் மருந்து விடும் பேட்ச் நான்கு, ஒரே நேரத்தில். வாரத்துக்கு இரண்டு தடவை நான்கையும் கழற்றிப் புதிதாக ஒட்ட வேண்டும். நான்காவது வாரம் இரத்தப் பரிசோதனை. டெஸ்டஸ்டிரோன் 1.7க்குக் கீழே வந்திருந்தால் நான்கை மூன்றாகக் குறைப்பார்கள். இறங்காவிட்டால் வைத்தியர் அடுத்ததைத் தீர்மானிப்பார்.

நான்கு பேட்ச் என்றதும் வீட்டில் கேள்வி வரும். பெண்களுக்கு ஒன்றுதானே ஒட்டுகிறார்கள், இவருக்கு ஏன் நான்கு? பெண்களுக்குக் குறைந்ததை நிரப்பக் கொடுக்கிறார்கள். இவருக்கு பிட்யூட்டரியை அடக்கக் கொடுக்கிறார்கள். "மெல்லமாத் தொடங்குவோம்" என்று ஒன்றே ஒன்றை ஒட்டினால் டெஸ்டஸ்டிரோன் இறங்காது, புற்றும் அடங்காது, ஆனால் மார்பு மட்டும் வீங்கும். உங்கள் வைத்தியர் எழுதிய எண்ணிக்கைதான் எண்ணிக்கை.

நாளைக் குறித்துக்கொள்வது சுலபம். திங்களும் வியாழனும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் கலண்டரில் ஒட்டிய நாளுக்கு நேரே கோடு போடுங்கள், கிளினிக்குக்குப் போகும்போது அந்தத் தாளையும் கொண்டுபோங்கள்.

ஒட்டும் இடம் அடிவயிறு, பிட்டம், தொடையின் மேல்பகுதி. மார்பில் ஒட்டவே கூடாது. சாரத்தை இறுக்கிக் கட்டும் இடுப்புக் கோட்டிலும் வேண்டாம், உரசி உரசிக் கழன்றுவிடும். புண், சொறி, அட்டை கடித்த இடம் எதிலும் ஒட்டாதீர்கள். போன தடவை ஒட்டிய இடத்தை விட்டு மறுபக்கத்துக்கு மாற்றுங்கள். ஒரே இடத்தில் ஒட்டினால் தோல் சிவந்து அரிக்கும்.

இரத்தினபுரிப் பக்கத்தில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. மழையும் வியர்வையும் பேட்சுக்கு எதிரி. குளித்துவிட்டு வந்த உடனே ஒட்டாதீர்கள். துடைத்து, உடம்புச் சூடு தணிந்து, தோல் நன்றாகக் காய்ந்தபிறகு ஒட்டுங்கள். அந்த இடத்தில் தேங்காயெண்ணெய், சித்தாலேப, பவுடர் எதுவும் இருக்கக் கூடாது. பேட்சின் பின்தாளைப் பாதி உரித்து, பசையில் விரல் படாமல் தோலில் வைத்து, மீதியை உரித்து, உள்ளங்கையால் பத்து எண்ணும்வரை அழுத்துங்கள். ஓரம் நான்கும் பதிந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். முதல் நாள் கொழுந்து மூட்டை சுமந்து வந்தவரின் பேட்ச் பின்னேரம் ஓரத்தில் கிளம்பியிருக்கும். அழுத்திப் பாருங்கள், ஒட்டாவிட்டால் புதிதாக ஒன்று ஒட்டுங்கள். மாற்றும் கிழமையை மாற்ற வேண்டியதில்லை.

பீலியில் குளிக்கலாம், ஆற்றில் குளிக்கலாம். பேட்ச் மேல் சவர்க்காரம் போட்டுத் தேய்க்க மட்டும் வேண்டாம். வலிக்கு ஒத்தடம் கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. பேட்ச் ஒட்டிய இடத்தில் சுடுதண்ணீர் ஒத்தடம் வைத்தால் மருந்து வேகமாக உள்ளே போய்விடும். அங்கே வைக்காதீர்கள். பெட்டியை அடுப்புக்கு மேலே இருக்கும் தட்டில் வைக்காதீர்கள், உறையைப் பிரித்தும் வைக்காதீர்கள்.

கழற்றிய பேட்சில் மருந்து இன்னும் மிச்சமிருக்கும். பசைப்பக்கம் உள்ளே வருமாறு இரண்டாக மடித்து, பழைய உறையில் போட்டு, பிள்ளைகள் எடுக்காத இடத்தில் வைத்து அப்புறப்படுத்துங்கள். ஒரே காம்பராவில் பேரப்பிள்ளைகளோடு படுக்கும் வீடுகளில் இது முக்கியம். இரவில் கழன்ற பேட்ச் குழந்தையின் உடம்பில் ஒட்டிக்கொள்ளும். காலையில் எண்ணிப் பாருங்கள்.

முதல் மாதம் முடிந்தபின்னும் இரத்தப் பரிசோதனை தொடரும். பிஎஸ்ஏ மட்டும் பார்த்து "நல்லா இருக்கு" என்று சொன்னால் நீங்களே கேளுங்கள்: "டெஸ்டஸ்டிரோனும் பார்த்தீங்களா?" சத்திரசிகிச்சை செய்தவருக்கு அது இறங்கியே இருக்கும். பேட்ச் ஒட்டுபவருக்கோ வியர்வை, மறதி, தட்டுப்பாடு எல்லாம் குறுக்கே வரும். எண்ணைப் பார்க்காமல் பேட்சை நம்பக் கூடாது.

மார்பு வீக்கம்: பேசாமல் விட்டால் சிகிச்சையே நின்றுவிடும்

அந்தப் பிரித்தானிய ஆய்வில் பேட்ச் ஒட்டியவர்களில் 85 வீதமானோருக்கு மார்பு வீங்கியது. ஊசிக்காரர்களில் 42 வீதம். பெரும்பாலானோருக்கு இலேசானதுதான். முதலில் முலைக்காம்பு வலிக்கும், சட்டை உரசினாலே கூசும், பிறகு அடியில் கட்டி மாதிரித் தட்டுப்படும்.

நகரத்தில் தனிக் குளியலறை இருப்பவர் இதை மறைத்துக்கொள்ளலாம். தோட்டத்தில் அப்படி இல்லை. பின்னேரம் பீலியடியில் இடுப்பில் சாரத்தோடு பத்துப் பேருக்கு முன்னால்தான் ஆண்கள் குளிக்கிறார்கள். வெயில் காலத்தில் வாசலில் மேலுக்குத் துணி இல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு சொல், ஒரு கேலி போதும். அந்த மனிதர் அடுத்த வாரம் பேட்சைக் கழற்றி எறிந்துவிட்டு, வீட்டில் ஒட்டியதாகச் சொல்லிவிடுவார். நோயால் அல்ல, வெட்கத்தால் சிகிச்சை நின்றுபோகும்.

ஆகவே இதைத் தொடங்கும் முன்பே பேசுங்கள். மார்புக்கு முன்கூட்டியே சிறு அளவு கதிர்வீச்சு கொடுத்தால் வீக்கம் குறையும். வீங்கியபிறகு கொடுத்தால் அவ்வளவு பலன் இல்லை. மகரகம போன்ற கதிர்வீச்சு வசதியுள்ள இடத்தில் இதைச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். தமொக்சிபென் மாத்திரையும் உதவும், ஆனால் அது இரத்தக்கட்டு அபாயத்தைக் கூட்டக்கூடியது என்பதால் வைத்தியர் தீர்மானிக்க வேண்டும். இதெல்லாம் தனக்கு ஒத்துவராது என்று ஒருவர் சொன்னால் அவரை வற்புறுத்தாதீர்கள். ஊசி இருக்கிறது.

"நான் பொம்பளையாகிடுவேனா?" என்று வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு, மனதுக்குள் கேட்பவர்கள் நிறைய. இல்லை. குரல் மாறாது, ஆள் மாறமாட்டார். மேல்முடி கொஞ்சம் குறையும். ஆசையும் விறைப்பும் குறையும் என்பது உண்மை, ஆனால் அது மூன்று வழியிலும் நடப்பது, பேட்சுக்கு மட்டும் உரியதல்ல. மனைவிக்கும் இதை வைத்தியர் முன்னிலையில் சொல்லிவிடுவது நல்லது. தெரியாமல் இருந்தால் வேறு விதமாக நினைத்துக்கொள்வார்.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அறிகுறிகள்

ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலிப்பது, திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது. இவற்றில் ஒன்று வந்தாலும் கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் 1990க்கு அடித்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். இலவசம். தோட்டப் பாதை மோசமாக இருந்தால் பிரதான வீதிவரை இறக்கிக்கொண்டுவர ஒரு வாகனத்தை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

எந்தச் சிகிச்சையில் இருந்தாலும், முதுகுவலியோடு கால்கள் பலமிழப்பது, சிறுநீர் அடைத்துக்கொள்வது என்றால் அதுவும் அதே நாள் அவசரம். புற்று முதுகுத்தண்டை நெரிப்பதாக இருக்கலாம். ஒரு நாள் தாமதித்தால் நடக்கும் சக்தி திரும்பாமலே போகலாம்.

மிதுரி மாத்திரை இதற்கு மருந்தல்ல

குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையிலும் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது என்று தெரிந்ததும் ஒருவருக்கு இந்த எண்ணம் வரலாம். வீட்டில் மிதுரி இருக்கிறது, மலிவு, அதையே எடுத்தால் என்ன? எடுக்கவே கூடாது. அது வாயால் போய் ஈரலில் விழும் வேறு வகை ஈஸ்ட்ரோஜன். புற்றை அடக்கும் அளவுக்கு எடுத்தால் இரத்தக்கட்டு வரும், அடக்காத அளவுக்கு எடுத்தால் வீண். 1960களில் மாத்திரையால் இறந்தவர்களின் கதை அதே கதைதான்.

ஈஸ்ட்ரோஜன் ஜெல் என்று தோலில் பூசுவதும் சில நாடுகளில் விற்கிறது. பூசிய இடம் காயும்முன் மனைவியோ பிள்ளையோ தொட்டால் அவர்களுக்கும் ஏறும். நெருக்கமான காம்பராவில் அதுவும் சரிவராது.

கிளினிக் நாள்

ஒரு கிளினிக் என்றால் கூட வருபவருக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும். அதனால் போகிற நாளை முழுதாகப் பயன்படுத்துங்கள். வைத்தியருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். சிங்களம் நன்றாகப் பேசும் மகனையோ மகளையோ கூட்டிப்போங்கள். மார்பு, ஆசை பற்றிய பேச்சை அப்பா முன்னால் மகள் மொழிபெயர்ப்பது இருவருக்கும் கூச்சமாக இருந்தால், மருமகனோ நண்பரோ வரட்டும். தமிழ் பேசும் தாதி ஒருவர் வாட்டில் இருந்தால் கேட்டு உதவி பெறலாம். தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி, அதில் விளக்கம் கேட்பது சலுகை கேட்பது அல்ல.

நோய் எலும்புக்குப் பரவியிருந்தால் இன்னொன்றும் கேளுங்கள். பரவிய நோய்க்கு இப்போது ஹோர்மோனைக் குறைப்பதோடு அபிராட்டெரோன் போன்ற மருந்தையோ கீமோவையோ சேர்த்துக் கொடுத்தால் ஆயுள் கூடுகிறது என்பது நிரூபணமாகியிருக்கிறது. ஹோர்மோன் சிகிச்சை மட்டும் எழுதியிருந்தால், "கூடச் சேர்த்துக் கொடுக்க எனக்கு ஏதாவது உண்டா?" என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

கேட்க வேண்டிய மற்றக் கேள்விகளைக் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். என் நோய் பரவியிருக்கிறதா? எவ்வளவு காலம் ஹோர்மோன் சிகிச்சை? கதிர்வீச்சோடு சேர்த்தா, ஆயுள் முழுக்கவா? எனக்கு எந்த வழி, ஏன் அது? எலும்புக்கு என்ன பாதுகாப்பு? என் டெஸ்டஸ்டிரோன் எவ்வளவு? கடைசிக் கேள்விக்கு ஓர் எண் பதிலாக வர வேண்டும். அந்த எண்ணைக் கொப்பியில் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.